எட்டாம் நாள் டிரம்மில் இருந்த தண்ணீர்

"ஜூலை, இரண்டாவது செவ்வாய். மதியம் 1.20. தாராவி உறுப்பினரிடமிருந்து குரல் செய்தி, ஐம்பது நொடி. கதையின் நடுவே ஏதோ விடுபட்டிருப்பதாகச் சொல்கிறார். என் பதில்: எதுவும் விடுபடவில்லை. வரிக்கு வரி வாசித்தேன்."

என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. கடைசி வாக்கியத்தின் கீழ் ஒரு கோடும் போட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கோட்டைப் பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழிக்கவில்லை. எழுதிய குறிப்பைப் பிறகு திருத்துவதில்லை என்பது என் பழக்கம்.

கிங்ஸ் சர்க்கிளில் எங்களுக்கு ஒரு ஸ்டேஷனரி கடை. ஜெராக்ஸ் மெஷினும் உண்டு. குடியிருப்பது சான்பாடாவில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு மாட்டுங்காவில் ஒரு வாசிப்பு வட்டம் கூடுகிறது. மாதம் ஒரு கதையை எடுத்துக்கொண்டு பேசுவோம். கதையை நகலெடுத்துக் கொடுப்பதும் குறிப்பேடு எழுதுவதும் என் பொறுப்பு.

தாராவியிலும் எங்களுக்கு ஆட்கள் உண்டு. வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறவர்கள், ஆனால் பள்ளியில் இந்தியோ மராத்தியோ படித்தவர்கள். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் கதை ஆறிவிடும். அதனால் இரண்டு வருடமாகக் கதைகளை என் குரலில் பகுதி பகுதியாகப் பதிவுசெய்து வாட்ஸப்பில் அனுப்பி வருகிறேன். கேட்பவர்களில் பாதிப்பேர் தையல் யூனிட்டுகளில் வேலை செய்யும் பெண்கள். ஒரு காதில் கதை ஓடும், மறு காதில் மெஷின் ஓடும்.

செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பியவர் அவர்களில் ஒருவர். நாற்பதை நெருங்குகிறவர். தாராவியிலேயே பிறந்து, அங்கேயே நைட்டி தைக்கிறவர். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று நடக்கும் எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் இந்தக் கதையைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் வேண்டும் என்று முந்தைய வாரமே கேட்டிருந்தார். தாராவியிலிருந்து ஒருவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

கதையின் சுருக்கத்தை, குறிப்பேட்டில் நான் எழுதி வைத்தபடியே தருகிறேன். மில் காலத்து பம்பாயில் ஒரு சால். வரிசையாக அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழாய். விடியற்காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்கும் எதிர் அறைக்காரிக்கும் முதல் நாளே குழாயடியில் சண்டை. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பெண்ணின் கணவனுக்குக் காய்ச்சல் முற்றுகிறது. அறையைப் பூட்டிக்கொண்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். எட்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்கத் தனியாகத் திரும்புகிறாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், டிரம்மிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு முகம் கழுவுகிறாள். வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியை எதிர் அறைக்காரியின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடக்கிறாள்.

பழைய மாத இதழ் ஒன்றில் வந்த கதை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும். எங்கள் வட்டத்தில் மூத்தவரான ஓய்வுபெற்ற பேராசிரியர் இந்தக் கதையைப் பற்றிப் பல வருடங்களாகப் பேசி வருகிறார். சாவி கைமாறும் அந்த ஒரு கணம்தான் கதை, மன்னிப்பே அதன் சாரம் என்பது அவர் கருத்து. எங்கள் எல்லோருடைய கருத்தும் அதுவாகவே இருந்தது.

தாராவிக்காரரின் ஐம்பது நொடி இதுதான்:

"அண்ணாச்சி, அந்தப் பொம்பள ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பூட்டிட்டுப் போறா. சரி. எட்டு நாள் கழிச்சு வந்து கதவத் தள்ளிட்டு உள்ள போறா. பூட்ட யாரு தொறந்தா? டிரம்முல மொண்டு மூஞ்சி கழுவுதா. தண்ணிய யாரு புடிச்சு வச்சா? ஏழு தடவ கேட்டுட்டேன். நடுவுல ஏதோ கட்பட் ஆயிருக்கு. பாத்துச் சொல்லுங்க."

குளறுபடி என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்வது கட்பட். என்னைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ஜூலை மூன்றாவது ஞாயிறு, ஆண்டுக் கூட்டத்துக்கு யார் யார் பேசுவது என்று முடிவு செய்ய மூன்று பேர் உட்கார்ந்தோம். பேராசிரியர், செம்பூர் மாமி, நான். மாமி ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தக் கதை வந்த இதழின் பைண்டு செய்த தொகுதி அவர் வீட்டில்தான் இருக்கிறது.

பேராசிரியர் குறிப்பேட்டைப் புரட்டி ஒரு விதியைக் காட்டினார். 'பேசுகிறவர் கதையை மூலத்தில் படித்திருக்க வேண்டும்.' என் கையெழுத்து. அந்த விதிக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு ஒருவர் ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்தார். நாவலைப் படிக்கவில்லை, அதிலிருந்து எடுத்த சினிமாவைப் பார்த்திருந்தார். நாவலில் இல்லாத ஒரு ரயில் காட்சியின் உட்பொருளை அரை மணி நேரம் விளக்கினார். அன்று மாலையே விதியை எழுதினோம்.

"அந்தம்மா கேட்டிருக்காங்க. படிக்கலை," என்றார் பேராசிரியர். "ஆர்வத்தை நான் குறை சொல்லலை. ஆனா கதையில இல்லாததை எல்லாம் கேள்வியா கேக்கறாங்களே. பூட்டை யார் திறந்தா, தண்ணியை யார் பிடிச்சான்னு. சிறுகதைன்னா எல்லாத்தையும் சொல்லிண்டிருக்க முடியுமா?"

'தாராவி விண்ணப்பம்: விதிப்படி ஏற்பதற்கில்லை' என்று எழுதினேன்.

இதைச் செய்தியாக அனுப்ப மனம் வரவில்லை. வியாழக்கிழமை மதியம் நேரிலேயே போனேன். மழை விட்டிருந்தது. மூன்று தளம் ஏறி, ஏணி மாதிரியான படி கடந்து மேலே போனால் எட்டு மெஷின் கொண்ட ஓர் அறை. சாப்பாட்டு நேரம். டிபன் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் கட்டிங் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி கொரலா இது? போன்ல கேட்டா இன்னும் ஒசரமா இருப்பீகன்னு நெனச்சேன்," என்றார் ஒருவர்.

"ஒங்க கதையால எங்களுக்குத்தான் கஷ்டம்," என்றார் எல்லோரிலும் மூத்தவர். "இவ கத கேட்டுக்கிட்டே தச்சதுல ஒரு கை நீளம், ஒரு கை குட்ட. சேட்டு எடுத்துக் காட்டுதான், இது யாருக்குத் தச்சேன்னு."

"சண்டைக்காரி வீட்டுக்குத் தச்சேன்னு சொல்லிருக்கணும்," என்றார் பேச நேரம் கேட்டிருந்தவர், டப்பாவிலிருந்து தலை நிமிராமல்.

எதிர் அறைக்காரி வில்லியா இல்லையா என்பதில் அவர்களுக்குள் ஒரு வாரமாக வாதம் நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்த பெண்ணுக்குக் கதை மீதே வருத்தம். "சீரியல்னா பொட்டப் பாத்தே சொல்லிரலாம். பெரிய பொட்டு, புருவத்த ஏத்தி எழுதியிருந்தா வில்லி. இந்தக் கதையில பொட்டப் பத்தி ஒரு வார்த்த இல்ல. நாங்க எப்பிடிக் கண்டுபுடிக்க?"

"வில்லி திருந்துனா அழணும்லா?" என்றார் இன்னொருவர். "ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழணும், பின்னால மியூசிக் போடணும். இதுல சாவியக் குடுத்துட்டுப் பேசாமப் போறா. அப்ப திருந்தல."

"திருந்தவும் இல்ல, மன்னிக்கவும் இல்ல," என்றார் எனக்குச் செய்தி அனுப்பியவர். "சண்ட வேற, தண்ணி வேற. காலையில நான் இவகூடச் சண்ட போடுவேன். இவ லைனுக்கு வர லேட்டானா இவ கொடத்தையும் சேத்து வப்பேன். வச்சுட்டுத் திரும்பவும் சண்ட போடுவேன். இதுக்குப் பேரு மன்னிப்பா?"

"பேரு புத்திகெட்டத்தனம்," என்றார் மூத்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். விதியைச் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"படிக்கலங்கறது சரிதான் அண்ணாச்சி. நாலாவது வரைக்கும் தமிழு, அதுக்குப் பொறவு மராத்தி. பேப்பர்ல இருக்குறத நான் பாக்கல. ஆனா நீங்க பாத்தீங்கள்லா? எனக்காக இன்னொரு தடவ பாருங்க. ஒண்ணும் விடலன்னா நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிடுதேன், பேச வரல. விட்டிருந்தா எனக்குப் பத்து நிமிஷம் வேணும்."

"நகலை நாலு தடவை பார்த்துவிட்டேன் அம்மா."

"நகல் சரி. அதுக்கு மொதல்ல ஒண்ணு இருக்கும்லா, அதப் பாருங்க."

சனிக்கிழமை செம்பூர் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் சொல்வது தவறு என்பதை உறுதி செய்துகொள்ளத்தான் போனேன். கையில் நகல். மொத்தம் ஐந்து பக்கம். முதல் தாளின் மூலையில் நான் நகலெடுத்த நாளின் தேதி முத்திரை இருக்கிறது. வட்டம் ஆறு வருடமாக அந்த நகலின் நகல்களைத்தான் படித்து வந்தது. இதழ் கொஞ்சம் நீளம், ஏ4 தாளில் அடங்கவில்லை. ஆகவே அடிப்பக்க ஓரத்தை விட்டுவிட்டு எடுத்திருந்தேன். எழுத்து எதுவும் போகவில்லை. பக்க எண்கள் மட்டும் போயிருந்தன. அவை இல்லாதது ஆறு வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தாள்தாளாகத் தேதி குத்துகிற எனக்கும் தோன்றவில்லை.

மாமி தொகுதியைக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனார். கதை 38ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. 39, 40. நாற்பதின் கடைசி வரியில் அவள் அறையைப் பூட்டுகிறாள், முற்றுப்புள்ளி. எதிர்ப்பக்கத்தின் முதல் வரி: 'எட்டாம் நாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.' அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த எண் 43.

பைண்டிங் தையலருகே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். பிளேடால் வெட்டிய விளிம்பு தட்டுப்பட்டது. வெட்டியவர் கை சுத்தம். ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

"மாமி, இங்கே ஒரு தாளைக் காணோம்."

மாமி காபியை வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"எங்க மன்னி வேலை. அவளுக்குக் கோலப் பைத்தியம். எந்தப் புஸ்தகத்துல கோலம் வந்தாலும் வெட்டி நோட்டுல ஒட்டிண்டுடுவா. பின்னாடி கதை இருக்கா, ஜோசியம் இருக்கா, ஒண்ணும் பாக்க மாட்டா. ஒரு தொடர்கதைல கல்யாணத்தையே வெட்டிண்டு போயிட்டான்னு எங்க மாமனார் ரெண்டு நாள் பேசலை."

"அந்த நோட்டு?"

"மன்னி போயி ரொம்ப வருஷம் ஆச்சு. புனேல அவ பொண்ணாத்துல இருந்தாலும் இருக்கும்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. மாமி நகலையும் தொகுதியையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருஷமா நாம எதைப் பத்திப் பேசிண்டிருந்தோம்?" என்று கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது தாராவிக்காரருக்குச் செய்தி அனுப்பினேன்: 'ஒரு தாள் இல்லை. நீங்கள் சொன்னது சரி.' எழுதி அனுப்பினால் அவர் படிக்கச் சிரமப்படுவார் என்று பிறகுதான் உறைத்தது. குரலில் மறுபடியும் சொன்னேன். பஸ்ஸில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் ஞாயிறு, மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தோம். மாமி கொண்டுவந்த தொகுதியில் பேராசிரியர் பக்க எண்களைப் பார்த்தார்.

"ஒரு தாள் இல்லைங்கறது வேற. அவங்க மூலத்தைப் படிக்கலைங்கறது வேற. விதி அப்படியே இருக்கே."

முந்தைய இரவு முழுக்க யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "மூலத்தை முழுசாகப் படித்தவர்கள்தான் பேசலாம் என்றால், இந்தக் கதையைப் பற்றி நம்மில் யாருமே பேச முடியாது. நீங்களும் பேச முடியாது, நானும் பேச முடியாது. விதியை எடுத்துவிடலாம், அல்லது கூட்டத்தை ரத்து செய்யலாம். எதை எழுதட்டும்?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இப்படி நான் அந்த வட்டத்தில் முன்பு பேசியதில்லை.

"அந்தப் பொண்ணு பேசட்டும்," என்றார் மாமி. "நம்மாத்துப் புஸ்தகத்துல ஓட்டை இருக்குன்னு புஸ்தகத்தைப் பாக்காமலே சொன்னவ."

பேராசிரியர் ஒரு நிபந்தனை வைத்தார். கூட்டத்தின் தொடக்கத்திலேயே, ஒரு தாள் கிடைக்கவில்லை என்பதை நான் எழுந்து அறிவிக்க வேண்டும். நியாயமான நிபந்தனை. எழுதிக்கொண்டேன்.

அடுத்த நான்கு வாரங்களில் அந்த இதழின் வேறு பிரதிக்காக இரண்டு நூலகங்களுக்குக் கடிதம் போட்டேன். ஒன்றிலிருந்து, அந்த மாத இதழ் சேகரிப்பில் இல்லை என்று பதில் வந்தது. மற்றொன்றிலிருந்து இன்னும் பதில் இல்லை. பழைய புத்தகக்காரர்கள் இருவரிடம் சொல்லி வைத்தேன். புனேவுக்கும் போன் செய்தேன். நோட்டு பரணில் இருக்கும், பார்க்கிறேன் என்றார் மன்னியின் மகள்.

இதற்கிடையில் தாராவிக்காரர் கதையைக் கேட்பதை நிறுத்தவில்லை. வாரம் ஒரு முறை கேள்வி வரும். அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்து போனால் எவ்வளவு நேரம், கணவன் பிழைத்தானா என்று கதையில் எங்காவது இருக்கிறதா, எதிர் அறைக்காரிக்குப் பிள்ளைகள் உண்டா. இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் சொல்ல வேண்டும், என் ஊகத்தைக் கதையில் இருப்பதாகச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. 10.40க்குக் கூட்டம் தொடங்கியது. தாராவியிலிருந்து ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். யூனிட்டில் ஆர்டர் நெருக்கடி, சேட்டு சுட்டி, அதாவது லீவு, தரமாட்டேன் என்றாராம். எட்டு பேரில் ஆறு பேர் சேர்ந்து லீவு போட்டால் அதற்குப் பெயர் சுட்டி இல்லை, பந்த் என்றார் மூத்தவர். நான் எழுந்து தாள் விஷயத்தை அறிவித்தேன். பக்க எண்களை விட்ட தவறு என் கடையில் நேர்ந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

தாராவிக்காரர் மூன்றாவதாகப் பேசினார். கையில் காகிதம் இல்லை. பூட்டைப் பற்றிச் சொன்னார். தண்ணீரைப் பற்றிச் சொன்னார். எட்டு நாளும் யாரோ அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறார்கள். ஆகவே கடைசியில் சாவியைக் கொடுப்பது புதிதாக நடக்கும் காரியம் இல்லை. முன்பே அந்தக் கையில் இருந்த சாவி திரும்பவும் அந்தக் கைக்கே போகிறது. "அதனாலதான் ரெண்டு பேரும் பேசல. தெனமும் நடக்குறதுக்கு யாரு பேசுவா?" என்றார்.

பேராசிரியர் கையை உயர்த்தினார். குரலில் கடுமை இல்லை. "ஒரு சந்தேகம் அம்மா. அவ பூட்டைத் திறந்தாள்னு எழுத்தாளர் சொல்லாம விட்டிருக்கலாம். டிரம்மும் அவ போறதுக்கு முன்னாடியே நிரம்பியிருக்கலாமே? எட்டு நாள் அப்படியே இருந்திருக்கும்."

பின்வரிசையில் யாரோ ஆமோதித்துத் தலையசைத்தார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இருக்காது சார்," என்றார் அவர். "அந்த டிரம்முல ஓட்ட உண்டு."

பேராசிரியர் உயர்த்திய கையை இறக்கினார்.

"மொதப் பதிவுலயே வருது, அண்ணாச்சி நல்லாத் தெளிவா வாசிச்சிருக்காரு. அடியில ஓட்ட, சோப்ப அப்பி அடச்சிருப்பா, அப்பவும் ராத்திரி பூரா சொட்டும். அதனாலதான் அவளுக்குத் தெனமும் காலையில தண்ணி புடிச்சாகணும். அதனாலதான் மொத நாளே குழாயடியில சண்ட. எட்டு நாளு அந்த டிரம்முல தண்ணி நிக்குமா சார்? எங்க வீட்லயும் அப்பிடி ஒண்ணு இருந்துச்சு. ரெண்டாம் நாளு காஞ்சிரும்."

நான் நகலைத் திறந்தேன். முதல் பக்கம், இரண்டாவது பத்தி. ஓட்டை இருந்தது. சோப்பும் இருந்தது. என் வாயால் வாசித்த வரி. குறிப்பேட்டுச் சுருக்கத்தில் அந்த வரியை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. டிரம் என்று மட்டும் எழுதியிருந்தேன். பேராசிரியர் என்னிடமிருந்து நகலை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சரி. யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க. அது எதிர் அறைக்காரிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"அது தெரியாது சார். தெரியும்னு நான் சொல்லல. நான் அந்த எடத்துல இருந்தா அவளாத்தான் இருக்கும்னு நெனப்பேன். அந்தத் தாளு கெடச்சா பாத்துக்கிடலாம்."

பத்து நிமிடத்தில் இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. அவர் போய் உட்கார்ந்துகொண்டார். நான்காவதாகப் பேச வேண்டியவர் பேராசிரியர். "மன்னிப்புன்னு இதுவரைக்கும் நான் சொன்னதை நிறுத்தி வைக்கறேன்," என்றார். உட்கார்ந்துவிட்டார். 'நான்காம் உரை: அரை நிமிடம்' என்று குறித்தேன்.

செப்டம்பர் முதல் வெள்ளி, புனேயிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. நோட்டு கிடைத்துவிட்டது. நடுவில் ஒரு பக்கம் முழுக்க, அதே இதழின் அச்சு மாதிரியில் ஒரு தேர்க்கோலம். ஆனால் ஓரங்களை வெட்டிச் சீராக்கியிருந்ததால் பக்க எண் இல்லை. பின்பக்கம் நோட்டுத் தாளோடு சேர்த்து அழுத்தமாக ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தைத் தாராவிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"கோந்துதான அண்ணாச்சி. ஆவி காட்டுனா எளகும். அயர்ன் பாக்ஸ் நான் கொண்டு வாரேன். புனேக்கு எந்த ட்ரெயின்?"

புனே பெண்மணிக்கு அது அம்மாவின் கையால் ஒட்டியது. பிரிக்கலாமா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு முறை கேட்டாயிற்று. தீபாவளி கழிந்ததும் மூன்றாவது முறை கேட்க வேண்டும் என்று தாராவியிலிருந்து எனக்கு உத்தரவு. ஆண்டுக் கூட்ட விதி அடிக்கப்பட்டு, பக்கத்தில் தேதி போடப்பட்டிருக்கிறது. குறிப்பேட்டில் ஒரே ஒரு பதிவு மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்: புனே நோட்டில் இருப்பது 41-42 தாள்தானா என்பது தெரியவில்லை. எட்டாம் நாள் டிரம்மில் இருந்த தண்ணீரைப் பிடித்து வைத்தது யார் என்பது சரிபார்க்கப்படவில்லை.